நாக்கில் இல்லாத காயம்

ஆஸ்பத்திரி ஆவண அறையின் ஜன்னலுக்கு முன்னால் நின்று டிரைவரம்மா நாக்கை நீட்டினாள். நுனியை மட்டும் காட்டிவிட்டு இழுத்துக்கொள்ளும் ஆள் அவள் இல்லை. அடி நாக்கு தெரியும்வரை நீட்டி, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பியும் காட்டினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"காயம் தெரியுதா?"

"என்னம்மா இது, காலங்காத்தால..."

"தெரியுதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"தெரியல."

"பழைய தழும்பு? ஒரு கீறல்?"

"ஒண்ணும் இல்லம்மா. நாக்கு நல்லா தான் இருக்கு. நல்லாவே நீளமா இருக்கு."

"அப்போ இதுல நாக்குல காயம்னு எழுதியிருக்கே, அது யாரு நாக்கு?" என்று அவர் சற்று முன் கொடுத்த நகல் கட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "இது என் ஃபைலே இல்ல. பேரை மாத்திப் போட்டிருக்கீங்க. எவளோ ஒருத்தி நாக்கைக் கடிச்சிட்டு அங்க நிம்மதியா பஸ் ஓட்டிட்டு இருக்கா. நான் இங்க குடை எண்ணிட்டு இருக்கேன்."

எழுத்தர் பொறுமைசாலி. பிறந்த தேதி, முகவரி, ரத்த வகை, வலது முழங்காலில் சின்ன வயதில் பட்ட தழும்பு எல்லாவற்றையும் கணினியில் பார்த்து வாசித்தார். எல்லாம் அவளுடையதுதான். முழங்கால் தழும்பைக் கூட இல்லை என்று சொல்ல முடியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் டிரைவரம்மா கட்டை மடக்கிப் பையில் செருகினாள். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஜன்னலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டே நகர்ந்தாள்.

குடை எண்ணுவது என்று அவள் சொன்னது பேச்சுக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு முன் வரை அவள் நகரப் பேருந்து ஓட்டியவள். நெரிசல் நேரத்தில் சந்தைத் திருப்பத்தில் அந்த நீள வண்டியை ஒரே மூச்சில் திருப்புவாள்; தள்ளுவண்டிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நாள் வேலை முடிந்து, நாத்தனாருக்குத் துணையாகத் தபால் நிலைய வரிசையில் நின்றபோது கண் இருட்டி விழுந்தாள். முழுதாக நினைவு வந்தபோது ஆம்புலன்சில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் வெவ்வேறு டாக்டர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கணினியைப் பார்த்தார்கள், பிறகும் கணினியைப் பார்த்தார்கள். தலையில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை. படத்தில் இல்லை என்பதால் நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றார்கள். வலிப்பு நோய் என்று எழுதி, மாத்திரை கொடுத்து, வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பணிமனையில் ஸ்டியரிங்கைப் பறித்துக்கொண்டு, பயணிகள் விட்டுப்போன பொருள்கள் இருக்கும் அறையைக் கொடுத்தார்கள். குடை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை முழு பல் செட். மாத்திரை போட்டால் மத்தியானம் கண் சொக்கியது. நின்றுகொண்டே தூங்கும் குதிரையைப் போல அந்த அலமாரிகளுக்கு நடுவில் அவள் நின்றாள். மாத முடிவில், யார் ஓட்டலாம் என்று முடிவு செய்யும் மருத்துவக் குழு கூடும். இதே ஃபைல் அங்கே போனால் இந்த ஜென்மத்தில் அவள் மறுபடி பேருந்து ஓட்ட முடியாது.  ஆனால் அழுதுகொண்டு உட்காருவது அவளுக்குப் பழக்கமில்லை. தப்பு எங்கே என்று தேடிப் பிடித்து, காதைத் திருகி, வெளியே இழுத்து வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள். அவள் அம்மா வயிற்றில் இருந்தபோதே நம்பியிருப்பாள்.

சாயங்காலம் வீட்டு மேசையில் கட்டைப் பிரித்து வைத்தாள். அவள் கணவர் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். வாயிலும் மாவை வைத்துக்கொண்டிருக்கிறாரோ என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் பேசுவார். குடும்பத்துக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் அவருடைய தங்கையே பேசிவிடுவாள். அதனால் டிரைவரம்மா நாத்தனாருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருந்தாள். பேனைப் பெருமாளாக்கும் வாய் அது. பூனை குறுக்கே ஓடினால் புலி பாய்ந்தது என்பாள். புலியை ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்டால் எல்லோரும் பயந்து ஓடிவிட்டார்கள் என்பாள். அவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"கேளுங்க இந்தக் கூத்தை" என்று டிரைவரம்மா உரக்க வாசித்தாள். "'கை கால்கள் வெகுநேரம் வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. நாக்கு கடிபட்டு ரத்தம் வந்தது. கண்கள் மேலே செருகின.' அடேயப்பா! இவ்வளவும் நடந்திருந்தா தபால் நிலையத்துல என் பேருல ஸ்டாம்பே அடிச்சிருப்பாங்க!"

கணவர் சிரித்தார். டிரைவரம்மாவும் சிரித்தாள். வழக்கமாக இந்த இடத்தில் சமையலறையிலிருந்து மூன்றாவது சிரிப்பு ஒன்று, இரண்டையும் விடப் பெரிதாக, வர வேண்டும். வரவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரமாக ஒரே தட்டுதான் கழுவப்படுகிறது என்று டிரைவரம்மாவுக்குப் பட்டது.

அவள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் 'நாக்கில் காயம்' என்று, டாக்டரே வாயைத் திறந்து பார்த்த மாதிரி எழுதியிருந்தது. அதற்கு முந்தின பக்கத்தில் 'நாக்கு கடிபட்டது.' முதல் பக்கத்தில், அவள் இன்னும் ஆம்புலன்ஸ் படுக்கையிலேயே கிடந்த நேரத்தில், 'நாக்கு கடிபட்டதாக உடன் வந்த உறவினர் கூறுகிறார்.' ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதி, கடைசியில் சொன்ன ஆளே காணாமல் போயிருந்தாள். உடன் வந்த உறவினர் ஒரே ஒருத்திதான்.

"ஏய், ரேடியோ" என்று கூப்பிட்டாள். "குழாயை மூடிட்டு இங்க வா."

நாத்தனார் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"நீயா சொன்ன?"

"அண்ணி..."

"நீயா சொன்ன, இல்லையா?"

"நான் தான் சொன்னேன் அண்ணி."

டிரைவரம்மாவுக்குக் காது அடைத்தது. மூன்று மாதமாக டாக்டர்களைத் திட்டியிருக்கிறாள். கணினியைத் திட்டியிருக்கிறாள். அந்தப் பொறுமைசாலி எழுத்தரிடம் நாக்கையே நீட்டியிருக்கிறாள். தபால் நிலையத்துக்குப் போனதே இவளுக்காக. பொய்யும் இவள் வீட்டுச் சரக்கு.

"எதுக்குடி? நான் உனக்கு என்ன பாவம் செஞ்சேன்? நான் வண்டி ஓட்டுறது உன் கண்ணை உறுத்துச்சா?"

"ஐயோ, அப்படி இல்ல அண்ணி! முன்னாடி ஒரு நாள் அம்மாவுக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னதும் நான் தானே ஆம்புலன்சுக்குப் போன் பண்ணேன்? உள்ளதை உள்ளபடி சொன்னேன். அம்மா மயங்கிட்டாங்க, மூச்சு இருக்கு, கூப்பிட்டா முனகுறாங்கன்னு. சரி, வண்டி அனுப்புறோம்னாங்க. அதைவிட அவசரமா வேற ஆளுங்க இருந்தாங்களாம். வண்டி வந்தப்போ அம்மா முனகுறதை நிறுத்திட்டாங்க." அவள் கையை உடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை எப்போதோ காய்ந்துவிட்டது. "நீ விழுந்தப்போ அதே மாதிரி முனகுன அண்ணி. எனக்கு வேற ஒண்ணும் தோணல. எதைச் சொன்னா ஓடி வருவாங்களோ அதெல்லாம் சொன்னேன். வண்டி பறந்து வந்துச்சு."

"சரி, போன்ல சொன்ன. ஆஸ்பத்திரி வாசல்ல ஏன் சொன்ன?"

"போன்ல ஒண்ணு, நேர்ல ஒண்ணு சொன்னா, பொய்க்காரின்னு உன்னை வாசல்லயே போட்டுட்டா?"

"அதுக்கப்புறம் மூணு மாசம் வாய்ல என்ன வச்சிருந்த?"

 மாவு பிசைகிறவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். அவர் தோள் குலுங்கியதை டிரைவரம்மா பார்த்தாள். மாமியார் செத்தபோது கூட அவர் இப்படி அழுததை அவள் பார்த்ததில்லை. அவளுக்குக் கோபம் தீரவில்லை. தீராத கோபத்தோடு பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எதைச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.  காகிதங்களைத் தட்டி அடுக்கினாள்.

"நாளைக்கு நீ என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்ற. கட்டுன பொய்யை உன் வாயாலேயே அவுத்துட்டு வா. அதுவரைக்கும் என்கிட்ட பேசாத."

பேசாமல் இருப்பது நாத்தனாருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

நரம்பு டாக்டர் ஒல்லியான பெண்மணி. அறை முழுக்க ஆறிப்போன காபிக் கோப்பைகள். நாத்தனார் சொன்னதை எல்லாம், அம்மா கதை உட்பட, குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் பேனாவை மூடினார்.

"உங்க அம்மா விஷயம் எனக்கு வருத்தமா இருக்கு. ஆனா நான் உங்களை நம்ப முடியாது."

"ஏன் டாக்டர்? நானே தான் பொய் சொன்னேன்னு சொல்றேனே!"

"அதனால தான். அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இன்னிக்குப் பொய் சொல்றீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? லைசென்ஸ் போகப் போகுதுன்னா இந்த நாற்காலில உட்கார்ற எல்லா உறவுக்காரங்களும் கதையை மாத்துவாங்க. பொண்டாட்டி மாத்துவாங்க, பெத்த அப்பா மாத்துவார். விழுந்த சூட்டோட எழுதினதைத் தான் நான் நம்பணும். பஸ்ல பின்னாடி அத்தனை பேர் உட்கார்ந்திருப்பாங்க."

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அவிழ்த்தால் அவிழ்ந்துவிடும் என்று நினைத்து வந்த முடிச்சு, இழுக்க இழுக்க இறுகிக்கொண்டது. ஆனால் டிரைவரம்மா டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்மணி சொல்வது நியாயம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அது எரிச்சலாகவும் இருந்தது, ஒருவிதத்தில் தெம்பாகவும் இருந்தது. நியாயம் தெரிந்தவரிடம் வழக்காடலாம்.

"சரி டாக்டர். இவ வாயை நம்பாதீங்க. இவளை நானே நம்புறதில்ல. என் வாயையும் நம்பாதீங்க, நான் விழுந்து கிடந்தவ, எனக்கு என்ன தெரியும்? ஆனா உங்க ஃபைலையும் நான் நம்ப மாட்டேன். என் நாக்கை உங்க ஆளுங்க ஒருத்தர் கூடப் பார்க்கல. முதல் பக்கத்துல அவ சொன்னதா இருக்கு, கடைசிப் பக்கத்துல நீங்க பார்த்ததா இருக்கு. நடுவுல யாரு பார்த்தா?"

டாக்டர் கட்டை வாங்கி மூன்று பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்து அவருடையதுதான். அதை விரலால் ஒருமுறை தொட்டார்.

"நானும் முந்தினதைப் பார்த்துத் தான் எழுதியிருக்கேன்" என்றார். "தப்பு தான்."

"தப்புன்னு சொல்லிட்டீங்க இல்ல, அது போதும். இப்போ என்னை உங்க கண்ணு முன்னால மயங்க வைங்க."

"என்னது?"

"இத்தனை மெஷின் வச்சிருக்கீங்க. ஆளை மயங்க வைக்க ஒரு வழி இருக்காதா? நீங்களே பாருங்க. பார்த்ததை எழுதுங்க. வலிப்புன்னு உங்க கண்ணு சொன்னா நான் அந்தக் குடைகளோடயே குடும்பம் நடத்துறேன். பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்க உயிர் என் கையில, அது எனக்குத் தெரியாதா? எனக்கே நோய் இருந்தா ஸ்டியரிங் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். இருக்குதா இல்லையான்னு பார்த்துட்டுச் சொல்லுங்கன்னு தான் கேக்குறேன்."

டாக்டர் முதல்முறையாகக் கணினியை விட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"வழி இருக்கு. படுக்க வச்சு, பெல்ட் கட்டி, கட்டிலோட நிமிர்த்தி வெகுநேரம் நிக்க வைப்போம். சும்மா மயங்குற உடம்பா இருந்தா பெரும்பாலும் மயங்கும். மயங்காமலும் போகலாம். அப்படிப் போனா ஃபைல் அப்படியே தான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு விழுறதுக்கு முன்னாடி எப்போ தண்ணி குடிச்சீங்க?" என்றார்.

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"காலைல பல் விளக்கினப்போ."

"அதுக்கப்புறம்?"

"வேலை நாள்ல நாங்க குடிக்க மாட்டோம் டாக்டர். பொம்பளை டிரைவருங்க யாரும் குடிக்க மாட்டோம். எங்க கடைசி ஸ்டாப்புல கழிப்பறை கிடையாது. ஆம்பளைங்களுக்கு மரம் இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு? அதனால வாயை நனைச்சுக்குவோம், அவ்வளவு தான். புதுசா வர்ற பொண்ணுங்களுக்குக் கிளட்ச் சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி இதைத் தான் சொல்லிக் குடுப்போம்."

டாக்டர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாராவது கேட்டாங்களா?"

சோதனை அறையில் அந்தக் கட்டிலைப் பார்த்ததும் டிரைவரம்மாவுக்குப் பழைய லாரியின் இருக்கை ஞாபகம் வந்தது. மார்பிலும் முழங்காலிலும் பெல்ட் கட்டினார்கள். கையில் ஒரு பட்டை, நெஞ்சில் ஒயர்கள், தலையில் ஒயர்கள், எதிரே ஒரு கேமரா. நாத்தனாரைச் சுவரோரம் உட்கார வைத்து, ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார். பேச்சு நின்றுபோய் ஏற்கெனவே பாதியாக இளைத்திருந்த நாத்தனார் தலையை ஆட்டினாள். கட்டில் மெதுவாக நிமிர்ந்தது.

டிரைவரம்மா நின்றாள். சுவரில் ஒரு கடிகாரம், அதற்குக் கீழே கை கழுவச் சொல்லும் படம். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. இந்த மூன்று மாதமாக வராதே வராதே என்று எதை வேண்டிக்கொண்டாளோ அதையே இப்போது வா வா என்று கூப்பிட வேண்டியிருந்தது. அது வருவதாக இல்லை.

அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. வெறும் தைரியத்தில் சவால் விட்டுவிட்டோமோ? தன் மயக்கத்தைத் தானே பார்த்தவர் உலகத்தில் யாராவது உண்டா? அன்று தபால் நிலையத் தரையில் கிடந்தது யாருடைய உடம்பு? அவளுடையதுதான். ஆனால் அதற்கு அவள் சாட்சி இல்லை. கை இழுத்திருந்தால்? அந்த வாயாடி சொன்னதில் பாதியாவது நிஜமாக இருந்தால்? ஃபைலே சரியாக இருந்து, இவ்வளவு நாள் கத்திய தானே தப்பாக இருந்தால்? அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியர்வை பின்கழுத்தில் இறங்கியது. கடிகாரம் தூரப் போனது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. "டாக்டர், வருது" என்று சொன்னாள். அல்லது சொல்வதாக நினைத்தாள்.

விழித்தபோது கட்டில் படுத்திருந்தது. கால்கள் மேலே தூக்கியிருந்தன. டாக்டரின் முகம் மேலே தெரிந்தது. அந்த முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"எனக்கு என்ன ஆச்சு?"

"இருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "இப்போ பேசலாம். நீங்க அன்னிக்குப் பார்த்தது இதுவா?"

அணை உடைந்தது. "இதே தான் டாக்டர்! அப்படியே இதே தான்! மூஞ்சி வெளுத்துச்சு, தலை தொங்குச்சு, கை ரெண்டும் உதறுச்சு, அப்புறம் முனகுனாங்க, முழிச்சுட்டாங்க!"

"கை எவ்வளவு நேரம் உதறுச்சு?"

"இவ்வளவு தான், நாலு உதறு."

"வெகுநேரம்னு சொல்லியிருக்கீங்களே?"

"அது நான் இழுத்தது."

"நுரை?"

"நான் போட்டது."

"நாக்கு?"

"அதுவும் நான் தான் கடிச்சேன் டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். டிரைவரம்மா சிரிக்கவில்லை. "கை உதறுச்சா?" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். "நிஜமாவே உதறுச்சா? அப்போ..."

டாக்டர் கேமராப் படத்தை அவளுக்கு முன் திருப்பி வைத்து ஓட்டினார். தன் முகம் வெள்ளைத் துணியாகிச் சரிவதை டிரைவரம்மா பார்த்தாள். பெல்ட்டில் தொங்கிய அந்தப் பெண்ணின் கைகள் சில தடவை வெடுக்கென்று உதறின. பிறகு அடங்கின. படத்தின் ஓரத்தில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள் பாதி எழுந்து, பேசக்கூடாது என்பதால் தன் விரலையே கடித்துக்கொண்டிருந்தாள். இப்படித்தான் அன்றும் நின்றிருப்பாள் என்று டிரைவரம்மாவுக்குத் தோன்றியது. இப்படி ஒரு முகம் தரையில் கிடந்து முனகினால், யாராக இருந்தாலும் நாலு உதறலை நாற்பதாக்கித்தான் சொல்லியிருப்பார்கள். அவள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே கையை நீட்டி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடித்த விரலில் பல் தடம் இருந்தது.

"ரத்த அழுத்தம் சட்டுனு விழுந்துச்சு, இதயம் மெதுவாச்சு, அப்புறம் தான் மயக்கம்" என்று டாக்டர் விளக்கினார். "மூளைக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் குறைஞ்சா கை இப்படி உதறும். வலிப்பு நோய் இல்ல. தலையில இருந்த ஒயரும் அதைத் தான் சொல்லுது. நின்னா வரும், காய்ஞ்சு கிடந்தா வரும். தண்ணி குடிச்சிட்டு உட்கார்ந்து ஓட்டுறவங்களுக்கு வர்றது அபூர்வம். மாத்திரையைப் படிப்படியா குறைச்சு நிறுத்திடலாம். நிறுத்தி, ஒருமுறை பார்த்துட்டு, ஓட்டலாம்னு சான்று தரேன்."

"அந்தப் பழைய எழுத்தை அழிச்சிடுங்க."

"அழிக்க முடியாது. யாராலயும் முடியாது. கீழே புதுசா சேர்க்கத் தான் முடியும்."

"அப்போ சேர்க்கும்போது சத்தமாப் படிங்க. நான் கேட்டு, சரின்னதும் பதிவு பண்ணுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க டாக்டர், நாங்க கூட ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி ஆளை நிறுத்திக் கேட்டுக்கிட்டுத் தான் எடுப்போம்."

டாக்டர் படித்துக்கொண்டே தட்டினார். நாங்கள் பார்த்தோம் என்று வரவேண்டிய இடத்தில் பார்த்தோம் என்றும், உறவினர் சொன்னார் என்று வரவேண்டிய இடத்தில் சொன்னார் என்றும் இருக்கிறதா என்று டிரைவரம்மா ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். இரண்டு இடத்தில் நிறுத்தினாள். ஒரு இடத்தில் டாக்டரே நிறுத்தித் திருத்திக்கொண்டார். 'நாக்கைப் பரிசோதித்தேன், காயம் இல்லை' என்று எழுதுவதற்கு முன், டாக்டர் டார்ச்சை எடுத்து வந்து நாக்கை நீட்டச் சொன்னார். டிரைவரம்மா தாராளமாக நீட்டினாள்.

மருத்துவக் குழு புதிய பக்கத்தைப் பார்த்து, இறுதிச் சான்று வரும்வரை முடிவைத் தள்ளி வைத்தது. மாத்திரை நின்று, மத்தியானத் தூக்கமும் போய், சான்று கைக்கு வந்த அன்றே டிரைவரம்மா அதைப் பணிமனை மேலாளரின் மேசையில் வைத்தாள். மேலாளர் முதல் பத்தியைப் படித்து, "வாங்க டிரைவரம்மா, நல்ல சேதி" என்று கை குலுக்கினார். இரண்டாவது பத்தியைப் படித்ததும் கையை எடுத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். ஓட்டுநர் பணி நேரம் முழுவதும் போதுமான தண்ணீர் குடிக்க வேண்டும், அதற்காகக் கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை வசதியை நிர்வாகம் செய்து தரவேண்டும் என்று டாக்டர் எழுதி முத்திரை வைத்திருந்தார்.

"இது... இதுக்கு மேலிடத்துல கேக்கணுமே. எத்தனையோ வருஷமா கேட்டும்..."

"நாங்க கேட்டோம் சார். நாங்க கேட்டது யாருக்கு எழுத்துல இருக்கு? இது இருக்கு. இதை யாராலயும் அழிக்க முடியாது, நான் விசாரிச்சிட்டேன்."

அலமாரிக் குடைகளை வேறு யாரோ எண்ணத் தொடங்கினார்கள். கடைசி நிறுத்தத்தில் முதலில் ஒரு தகரக் கதவு வந்தது, பிறகு சுவர் வந்தது, பிறகுதான் தண்ணீர் வந்தது. அந்தக் கதவின் சாவிக்கு மூன்று பெண் ஓட்டுநர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

மறுபடி ஸ்டியரிங் பிடித்த முதல் நாள், நாத்தனார் காலையிலேயே வந்து டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டாள். மடியில் பெரிய தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்னால் நீட்டினாள். "குடி அண்ணி." பக்கத்து இருக்கை அம்மாளிடம் அதற்குள் கதை தொடங்கிவிட்டது. அந்தக் கதையில் கட்டில் தலைகீழாகச் சுற்றியது. ஏழெட்டு டாக்டர்கள் கைகட்டி நின்றார்கள். டிரைவரம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினாள். சந்தைத் திருப்பம் வந்தது. ஒரே மூச்சில் திருப்பினாள். ஒரு தள்ளுவண்டிக்காரர் கையை உயர்த்தினார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு நாத்தனார் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இன்னொரு தடவை நீ விழுந்தா நான் என்ன சொல்லணும்?"

"பார்த்ததைச் சொல்லணும். வேற என்ன?"

"அம்மாவுக்குப் பார்த்ததைத் தான் சொன்னேன்."

எஞ்சின் நின்றுவிட்டிருந்தது. டிரைவரம்மா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தாள். கணினிக்கு முன்னால் டாக்டரையே வரி வரியாகத் திருத்திய வாய், இதற்கு ஒரு வரி கிடைக்காமல் தேடியது. கண்ணாடியில் நாத்தனாரின் முகம் தெரிந்தது. அந்த முகத்துக்கு முன்னால் நல்ல வார்த்தை சொல்லித் தப்பித்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"போன்ல உனக்கு என்ன தோணுதோ சொல்லு" என்றாள். "நுரை வேணுமா, போடு. ரத்தம் வேணுமா, ஊத்து. வண்டி பறந்து வரட்டும். ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல நான் இறங்கினதும், உள்ளதை உள்ளபடி சொல்லிடணும்."

"பொய்க்காரின்னு சொல்வாங்களே?"

"சொல்லட்டும். அதையும் எழுதிக்கச் சொல்லு. நான் முழிச்சதும் சத்தமாப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குறேன்."

நாத்தனார் மூடியைத் திறந்து பாட்டிலை நீட்டினாள். டிரைவரம்மா அதை வாங்கி, பாதி காலியாகும்வரை நிறுத்தாமல் குடித்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, புதுத் தகரக் கதவை நோக்கி நடந்தாள்.